பறுவத்துக்கு எத்தனை நாள்

அப்பாவை இனிக் கடலுக்கு விடலாமா என்பதை ஒரு ஞாபகப் பரிசோதனைதான் முடிவு செய்யும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். முந்தின மாதம் தனியாகப் போனவர், எங்கள் கரையான குருநகருக்குத் திரும்பாமல் வேறொரு கரையில் தோணியை ஏற்றியிருந்தார். காற்று இழுத்துவிட்டது என்றார். நான் நம்பினேன். நம்பாவிட்டால் நித்திரை எப்படி வரும்?

டொக்டர் ஓர் இளம்பெண். அவரிடம் பொறுமை இருந்தது, கையிலிருந்த கடதாசியில்தான் அது இல்லை. "ஐயா, இண்டைக்கு என்ன திகதி?" என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. மணிக்கூட்டுப் படம் ஒன்று கீறச் சொன்னார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், பேனையை முழுக்கையாலும் பிடித்து முட்டை மாதிரி ஏதோ கீறிவிட்டு என்னைப் பார்த்தார். காண்டாமிருகப் படத்தைக் காட்ட, பன்றி என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் சைபர் போடுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"டொக்டர், உது படிச்ச ஆக்களுக்கு எழுதின கேள்வி. எங்கடை அப்பா காண்டாமிருகத்தை எங்கை கண்டவர்? அவர் நாள் எண்ணுறதே பிறையிலைதான். அவருக்குத் தெரிஞ்சதைக் கேளுங்கோ."

டொக்டர் கோபிக்கவில்லை. "நீங்கள் சொல்லுறது ஞாயம், அக்கா. எங்களிட்டை இருக்கிறது இதுதான்," என்றார். பிறகு கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, பறுவத்துக்கு இன்னும் எத்தனை நாள்?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூண்டு நாள்," என்றார், யோசிக்காமலே.

அதற்கு முதல் நாள்தான் அமாவாசை. பக்கத்து வீட்டுச் சைவ சமயக்காரர் அமாவாசை விரதமென்று மீன் வாங்கவில்லை. அவர்களுக்கென்று எடுத்துவைத்த மீனை நானே குழம்பு வைத்தேன். பறுவம் என்கிற முழுநிலவுக்கு இன்னும் இரண்டு கிழமை கிடந்தது. அறுபது வருடமாகப் பிறை பார்த்து வலை இறக்கியவர் இவர். திகதி தெரியாததற்கு நான் காரணம் சொல்லலாம். இதற்கு என்னத்தைச் சொல்ல?

"சரியே, அக்கா?" என்று டொக்டர் கேட்டார். அவருக்குப் பிறைக் கணக்குத் தெரியாது. அந்த அறையில் என்னைத்தான் நம்பிக் கேட்டார்.

"ஓம், சரி," என்றேன்.

அவர் சிரித்தபடி எழுதினார். "அப்ப பயப்பிடாதேங்கோ. கடலுக்குப் போகட்டும். ஆறு மாதத்தாலை திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஓட்டோவில் ஏறியதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தோணியில் தனியாக, எந்தப் பக்கம் கரையென்று தெரியாமல் அவர் இருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

"பிள்ளை, நான் சொன்னது சரியே?"

பிறையைப் பற்றி ஊரே அவரிடம்தான் கேட்கும். அவர் இன்னொருவரிடம் கேட்டு நான் கண்டதில்லை. என் மணிக்கட்டை இன்னும் இறுகப் பிடித்தார். என்னைவிட அவர்தான் கூடப் பயந்துபோயிருந்தார்.

"பிழை, அப்பா. நான் பொய் சொல்லிப்போட்டன்."

அவர் கையை எடுக்கவில்லை.

"அந்த டொக்டர் பிள்ளை வீட்டை போக முன்னம் ஓட்டோவைத் திருப்பச் சொல்லு," என்றார்.