எண்ணெய்க் கையோடு வந்த கெஸ்ட்

மார்ச் பிறந்தால் எனக்குக் குளத்தை எட்டிப் பார்க்கிற வியாதி வந்துவிடும். வெளியூர்க்காரனுக்குத் தென்காசிப் பக்கம் சீசன் என்றால் சாரலும் அருவியும். பாவூர்சத்திரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் குளம் வற்றினால்தான் சீசன். தண்ணீர் மடைப் பக்கம் ஒதுங்கி, நடுவில் தரை பாளம் பாளமாக வெடித்ததும், வெடிப்பில் மண்ணைத் தட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து பிட்ச் போட்டுவிடுவார்கள். அப்புறம் ரெண்டு மாசம் டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான்.

எனக்கு ஆட வராது. பந்து வந்தால் கைக்கு வராமல் காலுக்கு நடுவில் போய்விடும். ஆனால் கத்துவேன். என்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. மேனேஜர் பேசும்போது மைக்கை அணைத்துவிட்டு, எவனை எத்தனாவது இறக்கலாம் என்று போனில் லிஸ்ட் போட்டுக்கொண்டிருப்பேன். ரெண்டு வருஷமாக அரையிறுதியில் கேவலமாகத் தோற்றிருந்தோம். இந்த வருஷம் கப் நமக்குத்தான் என்று ஏப்ரலிலேயே நானாக முடிவு பண்ணிவிட்டேன்.

அதற்குக் காரணம் எங்கள் இடதுகை பவுலர். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மார்க்கெட்டில் காய்கறி லோடு டெம்போ ஓட்டுகிறான். போலீஸ் செலக்‌ஷன் ஆகி, ஜூனில் டிரெய்னிங்குக்குப் போகிறான். அதற்குப் பிறகு எந்தக் குளம் வற்றினால் என்ன, அவனுக்கு லீவு கிடைக்கப்போவதில்லை. இதுதான் கடைசி சீசன். அதிகாலையில் லோடு இறக்கிவிட்டு நேராகக் குளத்துக்கு வந்து, ஒற்றை ஸ்டம்பை நட்டு, தனியாகப் போட்டுக்கொண்டிருப்பான்.

"இந்த வருசம் கப்ப தூக்கிட்டுத்தாம்லே ரயில் ஏறுவேன்" என்றான் ஒருநாள். நான் விசில் அடித்தேன்.

எங்களுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுப்பது புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. இந்த வருஷ ஜெர்சியில் நெஞ்சு முழுக்க அவர் முகம். ஊர்ப் பெயர் அக்குள் பக்கம் ஒளிந்திருந்தது. அதையே பொறுத்துக்கொண்டேன். அடுத்து, கோயம்புத்தூரிலிருந்து ரெண்டு கெஸ்ட் இறக்கலாமா, அவர்கள் செலவு என்னுடையது என்றார். கெஸ்ட் என்றால் வாடகை ஆட்டக்காரன். எந்த ஊர் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆடிவிட்டுப் போவான். கேப்டன் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார். கெஸ்ட் வேணுமா, வேண்டாமா.

முதல் ஓட்டு என்னுடையது. வேணும். 'கெஸ்ட் இல்லாம கப் வராது, புரிஞ்சுக்கோங்க' என்று பெரிய புத்திசாலி மாதிரி கீழே எழுதவும் செய்தேன். மடமடவென்று எல்லோரும் அதற்கே குத்தினார்கள். பதினொன்றில் ரெண்டு பேர் உள்ளே வந்தால் ரெண்டு பேர் வெளியே போக வேண்டும் என்கிற ஒன்றாம் வகுப்புக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. டிகிரி வாங்கிய மூதி நான்.

முதல் மேட்சுக்கு முந்தின நாள் லிஸ்ட் வந்தது. கெஸ்டில் ஒருவன் பவுலர், அவனும் இடதுகை. எங்கள் ஆள் பெயர் இல்லை.

கேப்டனுக்குப் போன் போட்டேன். "என்னண்ணே இது? அவன் இல்லாம எப்படி?"

"ரெண்டு லெஃப்டு எதுக்குடே? இந்த மேட்ச் தாண்டட்டும், அடுத்ததுல இறக்கிக்கிடலாம். நீதான முதல்ல கெஸ்ட் வேணும்னு குதிச்ச?"

போனை வைத்துவிட்டேன்.

காலை பத்து மணிக்கு ராயகிரி டீமோடு மேட்ச். தோற்றால் சீசன் காலி, நாக் அவுட். ஒன்பதரைக்குக் குளத்தில் எங்கள் ஜெர்சி ஒன்பதுதான் நின்றது. கெஸ்ட் ரெண்டையும் காணோம். விடிகாலையில் தென்காசியில் பஸ் இறங்கியவர்களை அண்ணாச்சி குற்றாலத்துக்கு அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் எவன் வந்தாலும் அருவியில் குளிக்கவைக்காமல் அனுப்பினால் ஊருக்கே கௌரவக் குறைச்சல். கல்யாணத்துக்கு வந்தாலும் அதுதான், கடன் கேட்டு வந்தாலும் அதுதான். மலையில் நாலு நாள் பெய்த கோடை மழையில் அருவியில் தண்ணீர் வேறு நன்றாக விழுந்துகொண்டிருந்தது. போன் போட்டால் எடுக்கவில்லை. அருவிக்கு அடியில் எவன் போனை வைத்துக்கொண்டு நிற்பான்?

கேப்டன் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் பவுலர் டெம்போவில் சாய்ந்து நின்றிருந்தான்.

"ஏலே, வண்டி வச்சிருக்கேல்லா? ஒரு எட்டு போய் அவனுவள அள்ளிட்டு வந்துருலே."

அந்தக் கேவலத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. தன் இடத்தில் ஆடப்போகிறவனைக் கூட்டி வர அவனையே அனுப்புகிறார். அவன் சாவியைத் திருகினான்.

டாஸ் போடும்போது ரெண்டு டீமும் பதினொரு பேர் லிஸ்டைக் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. "அண்ணே, அவன் பேரப் போடுங்க, இருபது நிமிசத்துல திரும்பி வந்துருவான்" என்று கேப்டன் காதில் கத்தினேன். "அண்ணாச்சி மொகத்துல எப்படிடே முழிக்க?" என்று கெஸ்ட் பெயர்களையே எழுதிக் கொடுத்தார். அவர் நெஞ்சில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஃபீல்டிங். ஆள் குறைகிறது என்று மாற்று ஆளாக என்னைப் பவுண்டரியில் நிறுத்தினார்கள். ரெண்டு பந்து என்னைத் தாண்டி ஓடின. ராயகிரிக்காரன் ஒருவன் கரையிலிருந்து, "ஏலே, அந்த வேலிய அங்கனயே வைங்க, நல்லா இருக்கு!" என்றான். கூட்டம் சிரித்தது.

நாலாவது ஓவர் முடியும்போது டெம்போ வந்தது. தலை ஈரத்தோடு ரெண்டு பேரும் இறங்கினார்கள். வெயிலில் கழுத்தும் கையும் பளபளவென்று மின்னின. பக்கத்தில் வந்ததும் வாடை அடித்தது. மசாஜ். தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து, தட்டி, முறுக்கி, அருவியில் நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள். அருவித் தண்ணீருக்கு அந்த எண்ணெய் அசையுமா?

கெஸ்ட் பவுலர் கையில் பந்தைக் கொடுத்தார் கேப்டன். முதல் பந்து கையிலிருந்து நழுவி ஸ்லிப் தாண்டிப் போனது. வைடு. அடுத்ததும் வைடு. பேண்டில் கையைத் துடைத்தான், பேண்டிலும் எண்ணெய். குளத்து மண்ணை அள்ளித் தேய்த்தான். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து விரல் இடுக்கெல்லாம் சேறு. அடுத்த பந்து நேராக பேட்ஸ்மேன் இடுப்புக்குப் போனது, நோ பால். அந்த ஒரு ஓவர் முடிய அரைமணி நேரம் ஆனதுபோல இருந்தது.

"அண்ணே, சீயக்கா வாங்கிட்டு வரட்டா?" கரையிலிருந்து அதே குரல்.

கேப்டன் அம்பயரிடம் ஓடி, கெஸ்ட்டுக்குப் பதில் எங்கள் ஆளைப் போட விடுங்கள் என்று கெஞ்சினார். ராயகிரி கேப்டன் தலையை ஆட்டிவிட்டான். "லிஸ்ட் கொடுத்தாச்சுல்லா அண்ணே. நாங்க ஒங்கள கெஸ்ட் கூப்பிடச் சொன்னோமா?"

நியாயம்தான். அதுதான் இன்னும் எரிந்தது. எங்கள் பேட்டிங்கில் இன்னொரு கெஸ்ட் ரெண்டாவது பந்திலேயே வானத்துக்கு ஏற்றிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினான். தோற்றோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் சீசன் முடிந்தது. கேப்டன் அதற்குள், "அடுத்த வருசம் மதுரப் பக்கம் ஆள் பாக்கணும்டே" என்று ஆரம்பித்துவிட்டார்.

டெம்போ பக்கம் போனேன். எங்கள் பவுலர் பிட்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து மேக்கேருந்து வருது, கவனிச்சியா?" என்றான். "இந்தப் பக்கம் நின்னு போட்டா பந்து தன்னால உள்ள திரும்பும். அந்த அஞ்சாவது ஓவர நான் போட்டிருந்தம்னா..."



டெம்போவில் ஏறி உட்கார்ந்திருந்த கெஸ்ட் ஹாரனை அமுக்கினான். "ப்ரோ, பஸ் போயிருங்க, கிளம்பலாமா?"

"வாரேன்" என்று இவன் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். சீட்டெல்லாம் எண்ணெய்க் கறை. கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்தான். முதல் ஓட்டு நான்தான் போட்டேன், மன்னிச்சிருலே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் "சரி விடுலே" என்று சொல்லிவிடுவான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.