நாலு பீப்பாய் லோகாம்பாள்

லோகாம்பாள் விரல்களை மடக்கி, வண்டியிலிருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாயின் வயிற்றில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. மேலிருந்து கீழாகத் தட்டுவது அவள் வழக்கம். டங் என்றால் காற்று, தொப் என்றால் எண்ணெய். அன்றைக்குப் பீப்பாய் அடிவயிறு வரை டங் டங் என்றே பதில் சொல்லிற்று.

பூக்கார பொன்னியம்மாள் கூடையை இறக்கி வைக்காமலே விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குச் சொன்னவள் செவிலிமேடு டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். அந்தப் பக்கத்துக்காரிக்குச் சொன்னவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

"உன் வூட்டுக் கொல்லையில நாலு பீப்பா சீமெண்ணெயப் பொதைச்சு வெச்சிக்கினு இருக்கிறியாமே, லோகா?"

"நாலா?" என்றாள் லோகாம்பாள். "எவனோ எண்ணிக்கைய மட்டும் சரியாத்தான் எண்ணியிருக்கான்." சொல்லிவிட்டு, தலைக்குமேல் போகிற காக்கை கூடத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவளோடு பிறந்தது. எண்ணெய் வண்டியின் மணியைக் கேட்டு வருகிறவர்களைவிட அந்தச் சிரிப்பைக் கேட்டு டின்னை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஆனால் சிரிப்பு பஸ் ஏறாது, பேச்சு மட்டும்தான் ஏறும். மறுநாள் அதே பஸ்ஸில் திரும்பி வந்த செய்தியில், "நாலுதான் என்று அவளே ஒப்புக்கொண்டாளாம்" என்ற வால் சேர்ந்திருந்தது.

லோகாம்பாளுக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம். மாகறலில் பிறந்து செவிலிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் முனிசாமிக்கு இளைப்பு வந்து கயிற்றுக் கட்டிலோடு ஆகிவிட்ட வருஷம் மாட்டின் மூக்கணாங்கயிற்றை அவள் பிடித்தாள். பதினேழு வருஷமாக விடவில்லை. ஒற்றை மாடு, ஒரு பீப்பாய், பித்தளைக் குழாய், லிட்டர் படி, புனல். இவ்வளவையும் ஓட்டிப்போக சர்க்கார் கொடுத்த ஒரு லைசென்ஸ். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். கட்டிலில் இருக்கிற கணவன், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், சொல்லிக்கொள்ளும்படி வேலை எதுவும் இல்லாத மூத்த மாப்பிள்ளை, அவனைக் கட்டிய மூத்த பெண் என்று ஐந்து பேர் அந்தக் காகிதத்தைத்தான் சாப்பிடுகிறார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எண்ணெய் ஊற்றுவது மற்ற இடத்தில் ஊற்றுவது போல அல்ல. அங்கே இரண்டு நாமத்துக்காரர்களும் இருக்கிறார்கள். கோயிலில் யார் முன்னால் நிற்பது, யார் முன்னால் பாடுவது என்று நூறு வருஷத்துக்குமேல் வழக்காடியவர்கள். ஆகவே அவர்களுடைய டின்களும் ஒன்றின் பின்னால் ஒன்று நிற்காது. தெருவின் இந்தப் பக்கம் வடகலை டின்கள் ஒரு வரிசை, அந்தப் பக்கம் தென்கலை டின்கள் ஒரு வரிசை. லோகாம்பாள் வண்டியை நட்டநடுத் தெருவில் நிறுத்தி, இதில் ஒன்று அதில் ஒன்று என்று ஊற்றிக்கொண்டே போவாள். எதை முதலில் ஆரம்பிப்பது என்பதற்கும் அவளிடம் ஒரு வழி உண்டு. மாடு எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறதோ அந்தப் பக்கம். மாட்டின்மேல் யாரும் கேஸ் போட முடியாது.

இப்போது இரண்டு வரிசையிலும் டின்கள் வெறுமனே வெயில் காய்கின்றன. சண்டை நடந்தது 1973 அக்டோபரில், இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியாவுக்கும் இடையில். அது ஓய்ந்து, தை பிறந்து, பொங்கலும் ஆயிற்று. சின்ன காஞ்சிபுரம் சந்நிதித் தெருவில் இன்னும் ஸ்டவ் பற்றவில்லை.

இந்தக் கணக்கு புரியாமல்தான் அவள் தினமும் முரளீதரன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறாள். முரளீதரன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். காலை பத்திரிகையை வரி விடாமல் படிப்பார். லோகாம்பாளுக்கு எழுத்து தெரியாது, உலகம் தெரிந்தாக வேண்டும்.

"இன்னா சார், இன்னிக்கு யாரு யாருக்குக் குடுக்கிறான்?"

இதுதான் அவளுடைய காலை வணக்கம்.

முதல் நாள் அவர் பொறுமையாகச் சொன்னார். "அமெரிக்காக்காரன் ஒரு பக்கத்துக்கு ஏரோப்ளேன்ல ஆயுதம் அனுப்பினான். ரஷ்யாக்காரன் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பினான். அமெரிக்கா பண்ணினதுக்குக் கோவிச்சுண்டு அரபு தேசத்துக்காராள்லாம் குழாயை மூடிட்டா."

"சண்டைக்குச் சாமான் குடுத்தவனுக்கு எண்ணெய் இல்ல. ஞாயம்தான். நாம இன்னா குடுத்தோம்?"

"நாம ஒண்ணும் குடுக்கலை. நாம சிநேகித தேசம். அவா போட்ட நல்ல பட்டியல்ல நம்ம பேர் இருக்கு."

"அப்ப நம்ம டின்னு முன்வரிசையில இருக்குது."

"இருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு ரொம்பல?"

"விலையை நாலு மடங்கு ஏத்திட்டா, லோகாம்பா. சிநேகிதனுக்கும் அதே விலைதான்."

லோகாம்பாள் மாட்டின் முதுகில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். "அப்ப அது சிநேகிதம் இல்ல சார். கடை."

பூகோள வாத்தியார் அதை வகுப்பில் நாலு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு உலகமே ஒரு தெரு ஆகிவிட்டது. குவைத் வாசலை ஒருக்களித்து வைத்திருக்கும் வீடு. ரஷ்யா கப்பலில் மண்ணெண்ணெய் அனுப்பும் வீடு. அந்த எண்ணெய் திரியில் புகையாது என்பது அவள் கட்சி. எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும், மோந்து பார்த்து நாடு சொல்ல முடியாது என்று வாத்தியார் வாதாடினார். "அது உங்க மூக்கு சார். இது பதினேழு வருஷத்து மூக்கு" என்றாள். ஜப்பான் மந்திரியை அனுப்பி அரபு வாசலில் நிற்க வைத்திருக்கிறது என்று கேட்டபோது, "டின்னையும் குடுத்தனுப்பினானா?" என்று விசாரித்தாள். ஹாலந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை என்றபோது அவளுக்குத் தாங்கவில்லை. "நம்ம தெருவுல எல்லாக் கெழமையும் அப்படித்தானே சார்? நாம எப்பயோ செஞ்சிட்டோம்." பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து டெல்லியில் பார்லிமெண்டுக்கு மாட்டுவண்டியில் போனவர்களைப் பற்றிக் கேட்டபோது, தன் மாட்டைத் தடவிக்கொடுத்து, "உன்னக் கேக்காம போயிட்டாங்க பாரு" என்றாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் மனு போயிற்று.

எழுதியவர் சந்நிதித் தெருப் பாச்சா. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. அந்த வாரத்தில் மூன்று தடவை டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று தடவையும் காலி டின்னோடு திரும்பியவர். வீட்டில் மனைவி அம்ருதவல்லி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து பார்க்கிற பார்வை அவருக்கு எரிந்தது. பஸ்ஸில் வந்த செய்தியை அழகான கையெழுத்தில், நான்கு பீப்பாய் என்பதன்கீழ் கோடு போட்டு, தாலுகா ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

உணவுப் பொருள் அதிகாரி இளங்கோவன், மனு போட்டவர் பெயரையும் சொல்லி லோகாம்பாளிடம் ஆள் அனுப்பினார். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். ஒரு சொட்டுப் பதுக்கல் இருந்தாலும் லைசென்ஸ் ரத்து, வண்டி வேறொருவருக்கு.

அன்று மாலை லோகாம்பாள் ரவிக்கைக்குள் கையை விட்டு அந்தப் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டாள். முனிசாமி கட்டிலிலிருந்து, "ஆபீசுக்குப் போயி உள்ளதச் சொல்லிட்டு வந்துடேன்மே. எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றான்.

"சொன்னா நம்புவாங்களா? வாய் சொன்னதத்தான் இம்மா நாளும் நம்பிக்கினு இருக்காங்க. கண்ணு பாக்கட்டும்."

மறுநாள் வண்டி தெருவுக்குப் போனதும், பாச்சா வீட்டு வாசலில் நிறுத்தி உரக்கக் கூப்பிட்டாள். "சாமி, வியாழக்கெழம நம்ம வூட்டுக்கு வாங்க. கடப்பாரை, மம்முட்டி, ஆளு எல்லாம் கூட்டிக்கினு வாங்க. நீங்க காட்டற எடம், நான் காட்டற எடம், எல்லாத்தையும் தோண்டிப் பாத்துடலாம்."

வியாழக்கிழமை காலையில் கரண்ட் இல்லை. அதனால் நெல் மில் ஓடவில்லை. விளக்கில்லாத இருட்டுக் கூடத்தில் தறியும் ஓடவில்லை. வேலை இல்லாத ஊர் முழுக்க லோகாம்பாள் கொல்லையில் இருந்தது. அடுத்த மனையில் மில் வைத்திருக்கிற அர்ஜுனன் கடப்பாரையோடு வந்தார். நெசவுக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். பாச்சா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி இளங்கோவன் வேப்ப நிழலில் நின்று, "பீப்பாய் உண்டா இல்லையாம்மா?" என்று நேராகக் கேட்டார்.

"உண்டு சார். நாலு."

அர்ஜுனன் கடப்பாரையைத் தோளில் தூக்கினார். பாச்சாவே ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"மொதல்ல இவங்க தோண்டட்டும் சார். எம் பேச்சக் கேட்டு ஒரு எடத்துல மட்டும் பாத்துட்டுப் போனீங்கன்னா, நாளைக்கு அந்த மூலையில இருக்குது, இந்த மூலையில இருக்குதுன்னுவாங்க."

நியாயமாகத்தான் பட்டது. அதிகாரி தலையசைத்தார். லோகாம்பாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மேஸ்திரி வேலை பார்க்க ஆரம்பித்தாள்.

"இங்க ஒண்ணு வெட்டுங்க. ஆங், முழங்கால் ஆழம் போதும், பீப்பா இருந்தா அதுலயே டங்குன்னும். அங்கயிருந்து ஆறடி தள்ளி அடுத்தது. யோவ் அர்ஜுனா, கோணலாப் போறியே, நேரா வாய்யா. சாமி, நீங்க இந்தக் குழிய எடுத்துக்குங்க, மண்ணு இங்க மெத்துனு இருக்குது."

பாலாற்றங்கரை மண். கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரு மணி நேரத்தில் வரிசை பிடித்தாற்போல் எட்டுக் குழிகள். எட்டிலும் மண்தான். பாச்சாவுக்கு நெற்றி நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "ஏம்மா, பீப்பாய் எங்கதான் இருக்கு?" என்றார். அதட்டலாகத் தொடங்கிய கேள்வி கெஞ்சலாக முடிந்தது.

லோகாம்பாள் கொல்லைக் கோடிக்குப் போனாள். அங்கே அக்கம்பக்கத்து ஆடு மாடு விழாமலிருக்கக் குவித்திருந்த முள்ளை இழுத்துப் போட்டாள். கீழே ஒரு பலகை. பலகையைத் தூக்கியதும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பீப்பாய்தான். அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இரண்டு. மூடியும் அடியும் வெட்டியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மணலுக்குள் இறக்கி உறையாக்கிய பன்னிரண்டு அடிக் கிணறு. அடியில் பாலாற்று ஊற்று, வானத்தைத் துண்டாக நறுக்கிப் போட்டதுபோல் மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஓட்டப் பீப்பா சார். காயலான் கடையில வாங்கனது. வைக்கோலப் போட்டு ரெண்டு நாள் கொளுத்தி, எண்ணெய் வாடை போனப்பறம்தான் எறக்கனோம். புரட்டாசியில. அவரு மாத்திரை முழுங்கத் தண்ணிக்கு நான் தெருக்கோடிக்கும் வூட்டுக்கும் நடந்துக்கினே இருந்தேன், அதான். பீப்பாய உருட்டிக்கினு வந்தத யாரோ பாத்திருக்காங்க. இன்னாத்துக்குன்னு கேக்காம போயிட்டாங்க."

வாளியைக் கயிற்றோடு விட்டு இழுத்தாள். அதிகாரி முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். பிறகு மிச்சத்தையும் குடித்தார். மனுவை மடித்து அதன் முதுகில், "நேரில் பார்த்தேன். பீப்பாய் நான்கும் குடிநீர்க் கிணறு. பதுக்கல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாச்சா தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றார். "நான் வெளியில தண்ணி சாப்பிடறதில்லை" என்றார் யாரும் கேட்காமலே.

"இது வெளியில்ல சாமி. பன்னண்டு அடி உள்ள."

நெசவுக்காரர்கள் சிரித்தார்கள். பாச்சா இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். லோகாம்பாள் சிந்தாமல் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அவர் வாயைத் துடைப்பதற்குள் அவள் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது தோளில் ஒரு கோணிச் சாக்கு. அதை முதல் குழியருகே கவிழ்த்தாள். மாகறலில் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்த வாழைக்கன்றுகள் எட்டு உருண்டு விழுந்தன.

அர்ஜுனன் கன்றுகளைப் பார்த்தார். ஆறடிக்கு ஒன்றாக நூல் பிடித்த குழிகளைப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார். பாச்சா தன் கையில் வந்திருந்த கொப்புளத்தைப் பார்த்தார். முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது, பிறகு வயிறு, கடைசியில் சிரிப்புச் சத்தம் வந்தது.

அப்போது மில் அறையில் டெலிபோன் அடித்தது. அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். லோகாம்பாளுக்காக அர்ஜுனன் காலையில் சென்னை எண்ணெய்க் கம்பெனி கிடங்குக்குப் பேசியபோது, கப்பல் சரக்கு இறங்கிவிட்டதா, லாரி எப்போது கிளம்பும் என்று விசாரித்துச் சொல்கிறோம் என்றிருந்தார்கள்.

"மெட்ராஸ்தான்" என்று அர்ஜுனன் கடப்பாரையைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "லாரி சேதியா இருக்கும் லோகா. நான் ஜல்தியா ஓடறேன்."

"இருய்யா. இந்தக் கன்ன நேராப் புடி."

அவர் பிடித்தார். டெலிபோன் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. லோகாம்பாள் குழிக்குள் மண்ணைத் தள்ளி, கன்று சாயாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்து குதிகாலால் மிதித்தாள்.