தகரக் கொட்டகைக்குப் போன லைன்

மின்சாரத்துக்கு இந்த டெல்லியில் ‘லைட்’ என்று பெயர். ஜனவரியில் சைட்டுக்குள் நுழைந்ததுமே, எதிர்ப்படுகிறவரெல்லாம் சட்டையைப் பிடிக்காத குறையாக, “லைட் கப் ஆயேகி?” என்பார்கள். எப்போது வரும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஜனக்புரியில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்கு டெம்பரரி கரண்டும் ஜெனரேட்டரும் என் பொறுப்பு. கரண்ட் இருக்கும்வரை என்னை யாருக்கும் தெரியாது. போய்விட்டால் என் பரம்பரையையே இழுப்பார்கள்.

திருச்சியில் இதே வேலை பார்த்தபோது கான்கிரீட் மிக்சருக்கும் வெல்டிங்குக்கும் லைன் கொடுத்தால் தீர்ந்தது. வேலையாட்கள் மணலில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார்கள். ஊரிலிருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், இங்கே அப்படிப் படுத்தால் காலையில் விறைத்துக் கிடக்க வேண்டியதுதான். அதனால் ஆத்தூர் பக்கமிருந்து வந்த எங்கள் கூலியாட்கள் தகரக் கொட்டகைக்குள் ஹீட்டர் போட்டார்கள். ஆபீஸிலும் ஹீட்டர். லோடு தாங்காமல் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. கான்கிரீட் வேலை நின்றுபோனது.

மேனேஜர் கன்னா தன் ஹீட்டருக்கு நேரே காலை நீட்டிக்கொண்டு இந்தியில் சொன்னார்: “கொட்டகை லைனை வெட்டு. உன் ஆளுங்கதானே, நீயே போய் வெட்டு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் போனேன். கொட்டகையில் சித்தாள் செல்வி கைக்குழந்தையை ஹீட்டர் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்த கட்டிங் பிளேயரைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“பச்சப் புள்ள சார். குளிர்ல நீலம் பூத்துப் போவுது.”

“வெட்டமாட்டேம்மா, பயப்படாதே.”

“நீங்க இப்ப டெல்லிக்காரரா ஆயிட்டீங்க. அவங்க பக்கந்தான் நிப்பீங்க,” என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சுருக்கென்றது. நேராகப் போர்டுக்கு வந்து, ஆபீஸ் ஹீட்டரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன். மெயின் அப்புறம் விழவில்லை. மிக்சர் சுற்றத் தொடங்கியது. கன்னா போர்வையோடு வெளியே ஓடிவந்து, “மதராஸிங்க எல்லாம் ஒரே கூட்டம். நாளையிலிருந்து நீ வராதே,” என்று கத்திவிட்டு ஆபீஸ் கதவை அறைந்து சாத்தினார்.

அந்த ஒரே கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். நான் மறுபடி வெட்ட வருகிறேன் என்று நினைத்து, செல்வி தகரக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டிருந்தாள்.

யாராவது வேறு கட்டையைக் கொண்டுவந்து செருகிவிடக்கூடாதே என்று பனிமூட்டத்தில் போர்டைக் காவல் காத்தபடி நின்றேன். லைன் நன்றாக ஓடியது. குளிர் காய எனக்குத்தான் இடமில்லை.