அண்ணி சொன்ன பதில்

ஆரணியில் எங்கள் தெருவுக்கே என் வாயைத் தெரியும். வாயாடி என்றுதான் பெயர். பதினேழு வயதில், அந்த வாயை வைத்தே பிழைப்பது என்று முடிவு செய்தேன். வாத்தியாரம்மா ஆகிவிட வேண்டும். எங்கள் சபையிலிருந்து ஒரே ஒரு பெண்ணை வேலூருக்கு அனுப்பிப் படிக்கவைக்கப் போவதாகப் பாதிரியாரின் மனைவி, துரைசானி, சொல்லியிருந்தார். அப்பாகூடச் சரி என்றுவிட்டார். "உன் மனசை வீட்டுக்கே வந்து கேட்பேன்" என்றார் துரைசானி.

இதையெல்லாம் நான் முதலில் கொட்டியது அண்ணியிடம். அண்ணன் தறிக்குழியில் இறங்கினால் ஊமை. நாங்கள் இருவரும்தான் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே ஓயாமல் பேசுவோம். அவளையே மாணவியாக உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பழகினேன். தப்பாகச் சொன்னால் காதைத் திருகுவேன். "அடிப்பாவி, வலிக்குதுடி!" என்று சிரிப்பாள்.

ஒருநாள் காலையில் அப்பாவும் அண்ணனும் தறிக்குப் பாவு நூல் நீட்டத் தெருக்கோடிக்குப் போயிருந்தார்கள். "சேவூர்ல எங்கம்மா வூட்ல சாயம் போட்ட நூல் கீது, ஜல்தி வாங்கினு வா" என்றாள் அண்ணி. போனேன். அன்றைக்குத்தான் துரைசானி வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் துரைசானி என் தலையைத் தடவினார். "பயப்படாதே. மனசில்லாத பெண்ணை இழுத்துக்கொண்டு போகமாட்டோம்."

"யாருக்குங்க மனசில்ல?"

"உன் அண்ணி சொன்னாளே. அப்பாவுக்குப் பயந்து சரி என்றாயாம். அதை வெளியே சொல்லவும் பயமாம்."

பயமாம்! எனக்கு! "பொய்ங்க, சுத்தப் பொய்!" என்று கோயில் என்றும் பார்க்காமல் கத்தினேன். துரைசானி முகம் வெளுத்துப் போனது. ஆனால் எனக்குப் பதிலாக வேறொரு பெண் முந்தைய நாளே வண்டியேறிவிட்டாள்.

வீட்டுக்கு ஓடினேன். அண்ணி தனியாக நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி? உங்களுக்கு நான் இன்னா பண்ணேன்?"

தலை நிமிரவில்லை. "நீ பூட்டா, இந்த வூட்ல நான் யார்கிட்டடி பேசிகினு இருப்பேன்?"

பட்டில் கண்ணீர் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று நின்றேன். வேறு யாராவது செய்திருந்தால் தெருவைக் கூட்டிச் சண்டை போட்டிருப்பேன். கூடப்பிறந்தவள்போல் நம்பினேனே, இவளா!

அன்று சாயங்காலமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றினேன். மறுநாளும் சுற்றினேன். கல்யாணமாகிப் போகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.