இரண்டாம் சரணத்தில் என் சித்தி

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. ரயிலில் சீட் கிடைத்தாலும் கதவோரம் போய் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரப் படத்துக்குக் கிளம்பியது என் சித்திக்காக.

எந்தப் படம் என்று சொல்லமாட்டேன், பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவீர்கள். வெளியாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட தாம்பரத்தில் மறுபடி போட்டிருக்கிறார்கள். அதில் வரும் சந்தைப் பாட்டு சித்தியின் ஊரான படப்பையில் எடுத்தது. அன்றைக்குக் காய் வாங்கப் போன சித்தியை நிறுத்தி, முருங்கைக்காய்க் கட்டோடு ஹீரோவுக்குப் பின்னால் நடக்கச் சொன்னார்களாம். ஆனால் படம் வந்த மறுநாளே, நீளம் அதிகம் என்று அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தை வெட்டிவிட்டார்கள். டிவியில் வந்ததும் வெட்டிய படம்தான். ஆசையாகக் குடும்பத்தையே தியேட்டருக்குக் கூட்டிப்போன சித்தி அசடு வழிந்ததுதான் மிச்சம். சித்தப்பா அன்று ஆரம்பித்த சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. குழம்பில் உப்பு கூடினால்கூட, "நடிகை சமையல் அப்படித்தான் இருக்கும்" என்பார்.

இப்போது முழுப் பாட்டும் உண்டு என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். "நா பொய் சொல்லலன்னு ஒருத்தராவது பாக்கணும்டி, நீ வா" என்றாள் சித்தி ஃபோனில். தனியாகத் தியேட்டருக்குப் போக அவளுக்குக் கூச்சம்.

ஊரப்பாக்கத்தில் 7.50 மணிக்கு ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய், இருபது நிமிடத்தில் தாம்பரம். மேற்குப் பக்கம் இறங்கி முடிச்சூர் ரோடு வழியாகப் படப்பை பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் மண்ணிவாக்கம் வருவதற்குள் என் பொறுமை போய்விட்டது. படம் 10.30க்கு. வீட்டுக்குப் போனால் சித்தி கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பாட்டில் கட்டியிருந்த மாதிரியே பச்சைப் புடவை வேண்டுமாம், பீரோவையே கவிழ்த்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பின்னை நானே குத்திவிட்டேன்.

இனி பஸ் உதவாது. நானூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். நான் நிமிடத்துக்கு ஒரு தரம் செல்போனில் மணி பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்த டிரைவர், "இன்னா மேடம், சண்டேல இவ்ளோ அவசரம்?" என்றார்.

"நா நடிச்ச படம் ஓடுதுப்பா" என்றாள் சித்தி.

"யக்கா, நீ ஹீரோயினா?"

"ஹீரோக்குப் பின்னால போவேன்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த சிக்னல் வரை ஆட்டோ பறந்தது.

உள்ளே நுழையும்போது பெயர்கள் ஓடி முடிந்துவிட்டன. அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சித்தி அசையவே இல்லை. சந்தைப் பாட்டு வந்தது. முதல் சரணம் முடிந்ததும் தியேட்டரே எழுந்துவிட்டது. யாரும் ஒழுங்காகப் பார்த்திராத சரணம் அல்லவா? பையன்கள் திரைக்கு முன்னால் மேடையில் ஏறி ஆடினார்கள், கிழித்த பேப்பர் பறந்தது. திரையில் பாதிக்கு மேல் தலைகள்தான். பாட்டு முடிந்துவிட்டது.

சித்தி எக்கி எக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். "விடு, நம்ம ராசி அவ்ளோதான்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து கிளம்பியது: "ஒன்ஸ் மோர்!" பிடித்த பாட்டை மறுபடி போடச் சொல்லி நம் தியேட்டர்களில் போடுகிற கூச்சல். எப்போதும் தலையில் அடித்துக்கொள்கிற நான், அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டே முன்னால் ஓடி, மேடையில் இருந்த ஒருவரின் சட்டையைப் பிடித்தேன். "தம்பி, ரெண்டாவது சரணத்துல எங்க சித்தி வராங்க. இருபத்தஞ்சு வருஷமா அவங்க பாக்கல. மறைக்காதீங்க, ப்ளீஸ்!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு திரும்பி, "டேய், உக்காருங்கடா! அக்கா வருதாம்!" என்று கத்தினார். அத்தனை பேரும் மேடையிலேயே குந்தினார்கள்.

நான் சீட்டுக்கு ஓடி வருவதற்குள் பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் சரணம். ஹீரோவுக்குப் பின்னால் பச்சைப் புடவையில் ஒரு பெண், கையில் முருங்கைக்காய்க் கட்டு. நேராக வந்தவள் சட்டென்று திரும்பி எங்களையே பார்த்தாள். தியேட்டர் அலறியது.

"கேமராவப் பாக்காதீங்கக்கான்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்க, பாத்துட்டேன் பாரு!" சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். நான் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்ததும், "சித்தப்பாவுக்கு ஃபோன் போடவா?" என்றேன்.

"வேணாம். சொன்னா நம்புற ஆளா? அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டினு வந்து உக்கார வெக்கிறேன்."

போக நினைப்பவர்களுக்கு: காரை விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள், பார்க்கிங் பேஜார். டிக்கெட் நூற்று முப்பது ரூபாய். சந்தைப் பாட்டுக்குத் தாராளமாக ஆடுங்கள், பேப்பர் போடுங்கள். இரண்டாம் சரணத்துக்கு மட்டும் உட்கார்ந்துவிடுங்கள். பின்வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா இருப்பாள். பக்கத்தில் இருக்கிற மனுஷருக்குத் திரை நன்றாகத் தெரிய வேண்டும்.