வதனி வீட்டுப் பிரின்டருக்கு வந்த தாள்

வதனிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட வராது. பேனையை எடுத்து, முன்னால் கிடக்கும் கடதாசியில் பிழை திருத்தத் தொடங்கிவிடுவாள். அன்று காலை பத்து மணிக்கு, யாரும் ஒன்றும் அனுப்பாமலே, அவள் வீட்டு முன்னறைப் பிரின்டர் கரகரத்து ஒரு தாளை வெளியே தள்ளியபோதும் அதைத்தான் செய்தாள்.

தாளில் பாமினி என்ற கணினி எழுத்துருவில் இரண்டே வரி. "மனு அடிக்கிறத நிப்பாட்டு. இல்லாட்டி நீயும் கானாமல் போவாய்."

வதனி சிவப்புப் பேனையால் 'கானாமல்' என்பதை வெட்டி 'காணாமல்' என்று எழுதினாள். தன் வீட்டுக்குள், தன் பிரின்டரில், தன் தாளை எடுத்தே தன்னை மிரட்டியிருக்கிறார்களே என்று உச்சந்தலை வரை கொதித்தது.

ஆரையம்பதியில் 'டைப் அடிக்கிற வதனி' என்று கேட்டால்தான் அவளைக் காட்டுவார்கள். ஆனால் சுனாமிக்கு முன் அவள் ஒரு வரிகூட டைப் அடித்தவள் அல்ல. கணவன் வினாயகமூர்த்திக்குக் கூட்டுறவுக் கடையில் வேலை. அந்த மார்கழி இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கிவரக் கடற்கரைக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது.

மரணச் சான்றிதழுக்காக அவள் ஒரே அலுவலகத்துக்குப் பதினொரு தரம் போனாள். ஒரு பத்திரத்தில் 'வினாயகமூர்த்தி' என்றிருந்தது, இன்னொன்றில் 'விநாயகமூர்த்தி'. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். கடைசித் தரம் மேசைக்குப் பின்னால் இருந்தவர், "இதில எந்த ஆள் செத்தது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வதனியின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. நலன்புரி முகாமில் ஒரு தொண்டு நிறுவனம் கணினி வகுப்புத் தொடங்கியபோது முதல் பெயர் அவளுடையது. ஒரு எழுத்துப் பிழையைக் காட்டி இனி எவனும் எவளையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் படித்தாள்.

அண்ணன் உதயரூபன் தன் வளவின் பின்பக்கத்தில் அவளுக்கு ஒரு துண்டு கொடுத்தான். அதே நிறுவனம் அதில் இரண்டு அறை வீடு கட்டிக் கொடுத்தது. அண்ணனுடைய வீடு முன்பக்கம். றோட்டோரம், பயிருக்குப் போடும் பசளை விற்கும் அவனுடைய கடை. அண்ணியார் புஸ்பம் பழுகாமத்துக்காரி. வதனி மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் கூடப்பிறந்தவள் போல. அவர்களுக்கு ஒரே பிள்ளை, வினோஜன்.

2008 ஆவணியில் வினோஜனுக்குப் பத்தொன்பது வயது. பழுகாமத்தில் மாமா வீட்டுக்குப் போனவன், திரும்பிவர வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் பாதை ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாதை என்று அங்கே சொல்வது வாகனமும் சனமும் ஏற்றும் பெரிய மிதவையை. இந்தக் கரையில் அவனை ஏற்றிவர மோட்டார் சைக்கிளில் போன உதயரூபன் தனியாகத் திரும்பி வந்தான். "நான் போகக்குள்ள பாதை வந்து ஆக்களெல்லாம் போயிற்றாங்க. அவனக் காணல்ல" என்றான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பொலிசுக்குப் போகவும் விடவில்லை. புஸ்பம் அழுதால் கடைக்குப் போய்விடுவான்.

அடுத்த வருடம் சண்டை முடிந்தது. அதற்கடுத்த வருடம், காணாமல் போனவர்களைப் பற்றிச் சாட்சி கேட்க ஒரு குழு மட்டக்களப்புக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவியது. உன்னிச்சையிலிருந்தும் வாவிக்கு மேற்குக் கரை ஊர்களிலிருந்தும் தாய்மார் வதனியைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவள் அடித்ததை அச்செடுக்க ஊரில் ஒரு கடைக்குத்தான் போகவேண்டும். அங்கே ஒருநாள் கடைக்காரன் ஒரு தாயின் மனுவை வாங்கி, நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தான். மூன்றாம் நாள் அந்தத் தாயின் வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. அவள் பிறகு வதனியிடம் வரவேயில்லை.

"இனி ஒருத்திட கடதாசியும் இந்த வீட்டுக்கு வெளிய அடிக்கப்படாது" என்று வதனி புஸ்பத்திடம் சொன்னாள்.

தொண்டு நிறுவனம் ஊரை விட்டுப் போகும்போது ஒரு பழைய லேசர் பிரின்டரையும் இரண்டு லப்டொப்பையும் அவளுக்கு விட்டுப்போனது. ஒன்றில் அவள் அடிப்பாள். மற்றதில் புஸ்பம் அடிக்கப் பழகினாள். ஆனால் பிரின்டர் பாரம், மூன்று முள் பிளக்கைச் செருகும் இடம் முன்னறை யன்னலடியில் மட்டும்தான் இருந்தது. வந்த பெண்களோ றோட்டைப் பார்த்த அந்த யன்னலடியில் இருக்கமாட்டார்கள். பின்னறையில் பாய் விரித்துத்தான் கதை சொல்வார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடி, வயரைப் பிடுங்கி வயரைச் செருகி, கடைசியில் செருகும் துவாரமே ஆடத் தொடங்கிவிட்டது.

நகரத்தில் கணினி திருத்தும் நைஜல்தான் வழி சொன்னான். அண்ணன் வீட்டில் டெலிபோன் லைனோடு இன்டர்நெட் இருந்தது, வைபை றவுட்டரும் இருந்தது. சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு பிரின்ட் சேர்வரைப் பிரின்டரோடு மாட்டினால், அது காற்றுவழி றவுட்டரோடு பேசும். வளவுக்குள் எந்த லப்டொப்பிலிருந்தும் அச்செடுக்கலாம். "என்ட கடைப் பில்லும் அதில அடிக்கலாமே" என்று உதயரூபனும் ஒத்துக்கொண்டான். நைஜல் ஒரு பின்னேரம் வந்து மாட்டிவிட்டுப் போனான். பின்னறையில் இருந்தபடியே வதனி முதல் மனுவை அனுப்ப, முன்னறையில் தாள் வந்து விழுந்தது. பாயில் இருந்த பெண் எழும்பவேயில்லை.

பத்து நாள் நன்றாகத்தான் போனது. அதன் பிறகுதான் அந்தத் தாள்.

வதனி நைஜலுக்குப் போன் எடுத்தாள். "இந்தப் பெட்டிக்கு ஆர் வேணுமெண்டாலும் அனுப்பலாமா?"

"வைபைக்குள்ள வந்தா அனுப்பலாம் அக்கா."

"வைபைக்குள்ள ஆர் வரலாம்?"

"நான் பாஸ்வேட் போடல்ல அக்கா. போட்டா உங்களுக்கு மறந்திரும், பிறகு என்னத்தான் கூப்பிடுவீங்க எண்டு..."

"நைஜல், காணாமப் போன முப்பத்தாறு பேரிட அடையாள அட்டை நம்பர் எனக்குப் பாடம். ஒரு பாஸ்வேட் மறந்திருமா?" என்று போனை வைத்தாள். அவன் மறுநாளே வாறன் என்று செய்தி அனுப்பினான். வரவேண்டாம் என்று பதில் போட்டாள்.

பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தில் தமிழ் இல்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். றவுட்டரின் பக்கத்தைத் திறந்து நீண்ட கடவுச்சொல் ஒன்றைப் போட்டாள். உடனே பெட்டிக்கு வழி தெரியாமல் போனது. அதைத் திரும்பவும் வயரால் றவுட்டரோடு கட்டி, புதுச் சொல்லைப் பழக்கி, வயரைக் கழற்றினாள். வேலை செய்தது. மத்தியானம் கரன்ட் போய் வந்தது. மறுபடி வேலை செய்யவில்லை. கரன்ட் போய்வரும்போதெல்லாம் றவுட்டர் அந்தப் பெட்டிக்கு வேறு இலக்கம் கொடுக்கிறது, லப்டொப் பழைய இலக்கத்துக்கே போய்த் தட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழுநாள் போனது. பெட்டிக்கு மாறாத ஒரு இலக்கத்தை அவளே கொடுத்தாள். ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். நைஜலின் சோம்பல், கடைக்காரன் வாசித்த குரல், பதினோராம் தரம் சிரித்தவர், எல்லாம் சேர்ந்து விரல் நுனியில் இருந்தது.

புஸ்பம் பயந்துபோயிருந்தாள். "வேணாம் புள்ள, விட்டிருவம்" என்றாள். ஏனென்றால் அந்தக் கிழமை இருவரும் உதயரூபனுக்குத் தெரியாமல் வினோஜனின் மனுவைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விட்டா அவங்கள் சொன்னது சரியெண்டு வரும் மச்சாள். இப்ப பூட்டியாச்சு. வெளியால ஒருத்தனும் வரேலாது."

கடவுச்சொல்லை அவள் மூன்று லப்டொப்புக்கு மட்டும் கொடுத்தாள். தன்னுடையது, புஸ்பத்தினுடையது, கடை பில்லுக்காக அண்ணனுடையது. மூன்றிலும் தன் கையாலேயே அடித்தாள்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன், பத்து மணி. புஸ்பம் பின்னறையில் வதனிக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய லப்டொப் மூடியிருந்தது. முன்னறையில் பிரின்டர் கரகரத்தது.

"கடைசித் தரம் சொல்லுறம். பொடியன்ட பேர எடுத்தா வீடு எரியும்."

வதனி தாளைப் பிடித்தபடி நின்றாள். இந்த முறை பேனையைத் தேடவில்லை. வினோஜனின் மனு நடப்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். மூன்றாவது ஒருவருக்கும் தெரிந்திருக்கிறது. பூட்டுக்குள் இருப்பது மூன்று லப்டொப். இரண்டு இங்கே இருக்கின்றன.

அவள் வளவைக் கடந்து அண்ணன் வீட்டுக்குள் போனாள். உதயரூபன் மேசையில் இருந்தான். லப்டொப் திறந்திருந்தது. அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான், கையில் இருந்த தாளைப் பார்த்தான், மூடியை மெல்லச் சாத்தினான்.

"அண்ணன், இது உங்கட வேலையா?"

அவன் லப்டொப்பைத் தள்ளி வைத்தான்.

"முதல் வந்ததும் நீங்களா?"

"ஓம்."

"பத்து நாளா நான் படுத்தெழும்பின பாட்டப் பார்த்துக்கொண்டா இருந்தீங்க? வாசல்ல நாய் குரைச்சாலும் கத்தியோட எழும்பினன். தெரியுமா?"

"புஸ்பத்திட லப்டொப்பில வினோஜன்ட மனுவக் கண்டன். நீ பயந்து நிப்பாட்டுவாய் எண்டு நினைச்சன்" என்றான். பிறகு குரல் உயர்ந்தது. "ஒனக்கு என்ன தெரியும் வதனி? ரெண்டு தரம் என்னக் கொண்டுபோய் வச்சிருந்தவங்கள். முதுகப் பார்த்திரிக்கியா? பேரெழுதிக் குடுத்த ஆக்களத்தான் அடுத்ததாத் தேடுவாங்கள். உங்க ரெண்டு பேரயும் காப்பாத்தத்தான் செய்தன்."

"காப்பாத்திறதெண்டா என்னோட கதைச்சிரிக்கணும். பிரின்டருக்குள்ளால வந்து மிரட்டப்படாது. என்ட வீட்டுக்குள்ள வாறதுக்கு நான்தான் உங்களுக்குத் திறப்பத் தந்தன் அண்ணன். என்ட கையால தந்தன்."

புஸ்பம் வாசலில் நிற்பதை இருவரும் அப்போதுதான் கண்டார்கள். அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "இஞ்சாருங்க. பேர எழுதினா தேடுவாங்கள் எண்டு சொன்னீங்களே. ஆர் தேடுவாங்கள்? உங்களுக்கு ஆரெண்டு தெரியுமா?"

உதயரூபன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு உண்மை வந்தது. அன்றைக்கு அவன் பிந்திப் போகவில்லை. பாதை கரை சேரும்போது அங்கேதான் நின்றான். வினோஜன் இறங்கி, அப்பாவைக் கண்டு கையைத் தூக்கினான். அதற்குள் ஒரு வான் வண்டி வந்துவிட்டது. இழுத்து ஏற்றிய இருவரில் ஒருவன், கடையில் பசளை வாங்கும் ஆள். அவனும் உதயரூபனைப் பார்த்தான். விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு ஏறினான். பெயரும் தெரியும், ஊரும் தெரியும். இரண்டு வருடமாக அவன் வந்து பசளை வாங்கினான். உதயரூபன் நிறுத்துக் கொடுத்தான்.

புஸ்பம் அழவில்லை. "நிறுத்துக் குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் வதனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனாள். "அடி புள்ள. திருப்பி அடி. பேரோட அடி."

வதனி அடித்தாள். விரல்கள் விசைப்பலகையை உடைப்பதுபோல விழுந்தன. நான்கு பிரதி எடுத்தாள். அன்றே கடவுச்சொல்லை மாற்றினாள். அண்ணன் அதற்குப் பிறகு கடை பில் அச்செடுக்கக் காத்தான்குடிக்குப் போய்வந்தான்.

சாட்சிக்கு உதயரூபன் வரவில்லை. புஸ்பமும் வதனியும்தான் போனார்கள். காலை ஏழு மணியிலிருந்து வரிசை. புஸ்பத்துக்கு நான்கு நிமிடம் கிடைத்தது. நேரில் கண்ட ஆள் எங்கே என்று கேட்டார்கள். வரவில்லை என்றாள். மொழிபெயர்ப்பவர் அவள் சொன்னதில் பாதியைத்தான் சொன்னார், அது வதனிக்கே விளங்கியது. மேசையில் இருந்தவர் மனுவை அடுக்கில் வைத்துவிட்டு, கோழி வளர்க்க உதவி தேவையா என்று கேட்டார்.

"கோழி கேட்டு நான் வரல்ல ஐயா. புள்ளையக் கேட்டு வந்தனான்" என்றாள் புஸ்பம்.

வெளியே வந்து மர நிழலில் நின்றபோது வதனிக்கு அந்த அடுக்கைப் போய்க் கவிழ்த்துக் கொட்டவேண்டும் போலிருந்தது. கொட்டவில்லை. அந்த அடுக்கில் முக்கால்வாசி அவள் அடித்த கடதாசி.

வினோஜன் வரவில்லை. பசளை வாங்கிய ஆளும் மனு கொடுத்த பிறகு ஊரில் தட்டுப்படவில்லை. வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். வீடு எரியவில்லை. மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் வந்து வாசலில் நின்றது, இரண்டு தரமும் புஸ்பம் வெளியே போய் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தாள். வதனி அதையும் அடித்து ஒரு பிரதி எடுத்தாள். அவளிடம் வரும் பெண்கள் குறையவில்லை.

மூன்று வருடம் கழித்து இன்னொரு விசாரணைக்கு ஆள் பதிந்தார்கள். ஒரு முற்பகல் உதயரூபன் பின்வீட்டு வாசலில் வந்து நின்றான். சேட்டுப் பொக்கெற்றில் மடித்த கொப்பித் தாள், கையெழுத்தில்.

"நான் கண்டத எழுதியிரிக்கன். அடிச்சுத் தருவியா?"

வதனி அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பின்னறையில் பாய் விரித்துக் கிடந்தது. அவனே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மற்றப் பெண்கள் இருக்கும் அதே இடத்தில் சம்மணமிட்டு இருந்தான். புஸ்பம் தன் லப்டொப்பைத் திறந்து வதனியின் முன்னால் வைத்தாள்.

"முழுப் பெயர்?" என்று வதனி கேட்டாள், அவனைத் தெரியாத ஆள் போல.

அவன் சொன்னான்.

"பிறந்த திகதி?"

அவன் அதையும் சொன்னான்.

"காணாமல் போனவருக்கு நீங்க என்ன முறை?"

உதயரூபன் புஸ்பத்தைப் பார்த்தான். வதனி விட்டுக்கொடுக்கவில்லை. அவன் வாயால் சொல்லும்வரை, விரலை விசைப்பலகையில் வைத்தபடி காத்திருந்தாள்.