நாலு சாட்சியும் ஒரு கல்லறையும்

ஏட்டு பெரியகருப்பனின் கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். கல்லல் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் அவர்தான் ரைட்டர். அடிதடியோ ஆடு திருட்டோ, சாட்சிகள் முன்னுக்குப் பின் முரணாக உளறுவதையெல்லாம் கேட்டு, வழவழவென்று வாக்குமூலமாக எழுதிவிடுவார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இல்லை, இருந்தது. அன்னக்கிளியின் வைக்கோல்போர் எரிந்த 1962-ஆம் வருஷத்து வழக்கோடு அது போயிற்று.

போரைக் கொளுத்தியதை அன்னக்கிளியையும் சேர்த்து நாலு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் கையில் பந்தம் என்றார், இன்னொருவர் சிமினி விளக்கு என்றார். மற்றவர்கள் கணக்கில் ஓடியது ஒரு ஆள், அன்னக்கிளி கணக்கில் இரண்டு. இப்படியே விட்டால் வழக்கு நிற்காது என்று பெரியகருப்பன் நாலையும் இஸ்திரி போட்டு ஒன்றாக்கினார். கோர்ட்டுக்கு முதல் நாள் உட்காரவைத்து மனப்பாடமும் செய்வித்தார். நல்லது நினைத்துத்தான் செய்தார், பாவம். கூண்டில் ஏறிய நாலு பேரும் பிசகாமல் ஒப்பித்தார்கள். கண்ணால் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள் என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். கொளுத்தியவன் கழுத்தில் மாலையோடு ஊருக்குள் வந்தான்.

அதற்குப் பிறகு அன்னக்கிளி பெரியகருப்பனிடம் பேசவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். பதினோரு வருஷம் அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

1973-இல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் உபதேசியார் சவரிமுத்து சைக்கிளில் அவரைத் தேடி வந்தார். அன்னக்கிளியின் ஊரில் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்பவர். ஈஸ்டருக்கு ஊரே கூடிப் பார்க்கும், இயேசு இறந்து உயிர்த்ததை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்தை நடத்துவதும் அவர்தான்.

"ஏட்டையா, இந்த வருசம் நாடகம் நடக்காது போலருக்கு."

"மொதல்ல உக்காருங்க. என்ன ஆச்சு?"

சம்மனசு விவகாரம்தான். தேவதூதனை அங்கே சம்மனசு என்பார்கள். இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களிடம் வானத்திலிருந்து இறங்கிய சம்மனசு பேச வேண்டும். அதற்காக இரண்டு வீட்டில் தங்கள் பிள்ளைக்கென்று இறக்கை தைத்து வைத்திருந்தார்கள். சம்மனசு ஒன்றா, இரண்டா? பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று உபதேசியார், இயேசுவின் வரலாற்றை நாலு பேர் எழுதிய சுவிசேஷத்தைத் திறக்கப்போய் வம்பில் மாட்டிக்கொண்டார். மத்தேயுவும் மாற்கும் ஒன்று என்கிறார்கள், லூக்காவும், யோவான் என்கிற அருளப்பரும் இரண்டு என்கிறார்கள். போன பெண்கள் எத்தனை பேர் என்பதிலும் ஒற்றுமை இல்லை.

"இருவது வருசமா சனங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பொய்யைத்தான் சொன்னேனோன்னு தூக்கமே வரமாட்டேங்குது." என்றார் உபதேசியார். "நீங்க நாலையும் சேத்து ஒண்ணா எழுதிக் குடுத்திருங்க. உங்களுக்குக் கைவந்த வேலை."

கைவந்த வேலை! பெரியகருப்பனுக்குச் சுருக்கென்றது. அவர் கொண்டுவந்திருந்த சுவிசேஷப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

நாலு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிவப்புப் பென்சிலோடு படித்தார். ஐந்தாம் நாள் உபதேசியார் வந்து நின்றார்.

"மொத மூணு பேருல ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் எழுதியிருக்காக. பல எடத்துல வரிக்கு வரி ஒண்ணா இருக்கு. அதை நான் மறைக்கமாட்டேன்" என்று பெரியகருப்பன் ஆரம்பித்ததும் உபதேசியாரின் முகம் தொங்கிப்போயிற்று. "ஆனா கல்லறைக்கு வந்ததும் பாருங்க, ஆளுக்கொரு பக்கம் போறாக. விடியக்காலம் பொம்பளைக போனாக, கல்லு பெரண்டு கெடந்துச்சு, உள்ள உடம்பு இல்ல. இதுல நாலு பேரும் ஒண்ணு. மத்ததுலதான் இழுபறி. நடந்துச்சா இல்லையான்னு தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதியும் இல்ல, உங்களை மாதிரி வேதக்காரனும் இல்ல. ஆனா சொல்லிக்குடுத்த சாட்சி இப்படி இருக்காது, அது எனக்குத் தெரியும். இதை ஒண்ணாக்க மாட்டேன். ஒரு தடவை ஒண்ணாக்கி ஒரு குடும்பத்தைக் கெடுத்தது போதும்."

"அப்ப நாடகம்?"

"நாலு பேரையும் மேடையில ஏத்துங்க. அவுகவுக சொன்னபடி சொல்லட்டும்."

உயிர்த்த ஞாயிறன்று பொழுது சாய்வதற்குள் கோயில் வாசலில் கூட்டம் நிறைந்துவிட்டது. மத்தேயு, மாற்கு, லூக்கா, அருளப்பர் வேஷத்தில் நாலு பேர் மேடையேறி நாலு விதமாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னபோது ஒரு சம்மனசு வந்தது, மற்ற இருவர் சொன்னபோது இரண்டும் வந்தன. இறக்கை தைத்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வாயெல்லாம் பல். ஜனங்கள் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. உபதேசியார் கூப்பிய கையோடு, அழுகையும் சிரிப்புமாக நின்றார்.

கூட்டம் கலையும்போது அன்னக்கிளி நேராகப் பெரியகருப்பனிடம் வந்தாள்.

"அன்னைக்கி எங்களையும் இப்படிப் பேச விட்டிருக்கலாம்ல, ஏட்டையா?"

"விட்டிருக்கணும் ஆத்தா. தப்பு என்னுதுதான்." கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் துடைக்கவில்லை.

அவள் மடியிலிருந்த அவித்த கடலையில் ஒரு கை அள்ளி அவரிடம் நீட்டினாள்.

"ஓடுனது ரெண்டு பேரு. நான் பாத்தேன். நீங்கதான் ஒண்ணுன்னு எழுதுனீக. இப்பவாச்சும் எழுதிக்கிருங்க."

அதை எந்தக் கோர்ட்டும் இனிக் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் பெரியகருப்பன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். நாடக நோட்டீசின் பின்பக்கத்தில், அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, ஒரு முறை வாசித்தும் காட்டினார்.

"சரியா இருக்கு" என்றாள் அன்னக்கிளி.